ஏழரை மணி ஆட்டம்

ஆலைச் சங்கு ஏழுக்கு.
ஏழேகாலுக்கு காசிம் கடையில் நாங்கள் நான்கு பேர்,
உடம்பெல்லாம் செம்பனை எண்ணெய் வாசம்.
ரொட்டி சானாய் கல்லில் அறைபடும் சத்தத்துக்கு மேலே
தொலைக்காட்சியில்
எவனோ எவனுக்கோ பந்தெறிகிறான்.

ரிமோட்டை எலி கொண்டுபோய்விட்டது என்கிறார் காசிம்.
மூன்று நாளாக ஒரே சானல், ஒரே பேஸ்பால்.
மூன்று நாளில் எங்களுக்குக் கட்சி வந்துவிட்டது.

சன்னாசி நீலத் தொப்பிப் பக்கம்.
பாக்கியநாதன் சிவப்பு.
(காரணம் கேட்டதற்கு, கட்டையாக ஒருத்தன் தாடியோடு
தன் மச்சான் மாதிரி இருக்கிறானாம்.)
தே தாரேயை ஒரு முழத்துக்கு இழுத்தபடி ஷஃபிகுல்,
"கிரிக்கெட் பெத்த பிள்ளைதான். வளர்ப்பு சரியில்ல" என்கிறான்.

நான் எடைமேடைக் கிராணி.
இரவு முழுக்க லாரி எண், மொத்தம், வெறும் வண்டி, நிகரம்.
திரைக்கு அடியில் வரிசையாக நிற்கும் அந்தப் பூஜ்யங்கள்
எனக்கு மட்டும்தான் பிடித்திருக்கின்றன.

அங்கே இலையுதிர் காலமாம்.
கூவுகிறவர்கள் வாயிலெல்லாம் புகை.
சிலிம் ரிவரில் அக்டோபர் என்றால் மழை,
மழை விட்டால் கொசு மருந்து லாரி.
மிச்சமிருக்கும் நாலு கித்தா மரம் இலை கொட்டுவது மாசியில்.
செம்பனைக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

"அடிச்சிட்டு எங்க ஓடுறான்?"
"வீட்டுக்கு."
"யாரு வீட்டுக்கு?"
"கிளம்புன இடந்தான் வீடு. நாலு மூலை சுத்தி அங்கயே வரணும்."
"அதுக்கா இந்தப் பாடு?
நான் மோட்டார்ல ஏழு நிமிசம் லா."

விளம்பரத்தில் பனிமேல் சறுக்கிக்கொண்டு ஹாக்கி வந்தது.
அதுவரை ரொட்டியைக் கிழித்துக்கொண்டிருந்த குணாளன்
தலை நிமிர்த்தினார்.
தோட்ட அணியின் பழைய சென்டர் ஹாஃப்.
முன்பற்கள் இரண்டும் கட்டியவை.
"இது ஹாக்கியா? புல் எங்க? பந்து எங்க?
அப்பளத்தை ஆளுக்கு ஆள் தள்ளுறானுங்க."

"அதுல அடிச்சிக்கலாம்ண்ணே" என்றார் பாக்கியநாதன்.
"கையால குத்தினா அஞ்சு நிமிசம் கூண்டுல உட்காரணும்.
அப்புறம் வந்து ஆடலாம்."

அஞ்சு நிமிசம்.
யாரும் சிரிக்கவில்லை.

தீபாவளிக் கிண்ண இறுதியாட்டம்,
பெனால்டி கார்னர், உயர்ந்த ஒரு மட்டை.
அன்றிலிருந்து பதினொரு வருடம்
குணாளனும் சன்னாசியும் பேசுவதில்லை.
ஒரே ஷிப்ட். ஒரே மேசை,
காற்றாடி இதற்கு மேல்தான் சுற்றுகிறது என்பதால்.
பருப்புக் குழம்புக் கிண்ணம்
என் வழியாகத்தான் அந்தப் பக்கம் போகும்.

கடைசி இன்னிங்ஸ். மூன்றுக்கு மூன்று.
இரண்டு பேர் அவுட். மூன்றாம் மூலையில் ஒருத்தன்
சிவப்பு மண்ணைக் காலால் கிளறிக்கொண்டு நிற்கிறான்.

குணாளன் திரையிடம் சொன்னார்:
"இவன் அடிக்க மாட்டான். மெதுவா தட்டி விடுவான், பாரு."
"தட்டுனா செத்தான்" என்றது சன்னாசியின் குரல்.
"ஏற்கெனவே ரெண்டு பேர் அவுட்டு."
"உனக்கு என்ன தெரியும்?"
"உனக்கு மட்டும் எல்லாம் தெரியுமோ?"

கிண்ணம் என் கையிலேயே நின்றது.
பாக்கியநாதன் மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

பந்தெறிகிறவன் காலைத் தூக்கினான்.
இடி.
கரண்ட் போய்விட்டது.

தகரக் கூரையில் மழை கொட்டு கொட்டென்று கொட்ட,
அதற்கு மேல் கத்தினார்கள் இரண்டு பேரும்:
தட்டினான், இல்லை விளாசினான்,
ஓடினான், ஓடவே இல்லை,
அவன் கண்ணைப் பார்த்தியா, நீ எதைத்தான் பார்த்திருக்க,
அன்னிக்கும் இப்படித்தான்,
என்ன அன்னிக்கும் இப்படித்தான்?

நான்கு பேர் பையிலும் போன் இருந்தது.
ஒருத்தரும் எடுக்கவில்லை.

மெழுகுவர்த்தியோடு வந்த ஷஃபிகுல் மட்டும் கேட்டான்:
"எவன் ஜெயிச்சாலும் சரி,
நாலு தே, ஆறு ரொட்டி.
யார் கணக்கு?"

இரண்டு விரல்கள்
ஒன்றையொன்று காட்டின.